ரூபா பாதியில் விட்ட பனிப்படம்

ஆண்டர்சன்பேட்டை,
12 நவம்பர் 2024

ரூபாவுக்கு,

உன் மாமியார் எழுதுகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் நீ வந்திருந்தால் அதுவே பெரிது.

கோர்ட்டிலிருந்து வந்த காகிதத்தில் உன் ஹாஸ்டல் விலாசம் இருந்தது. அதைப் பார்த்து எழுதுகிறேன். சிவராஜுக்குத் தெரியாது. என் போனை அவன் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறான், அதனால்தான் கடிதம். அவனிடம் நீ கேட்டிருக்கும் விவாகரத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதப் போவதில்லை.

விஷயம் இதுதான். தீபாவளிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது உன் வர்ணப் பெட்டி கிடைத்தது. பன்னிரண்டு ட்யூப், மூன்று பிரஷ், ஒரு கேன்வாஸ் அட்டை. அட்டையில் மேல்பாதி மட்டும் நீலம். கீழே ஒன்றுமில்லை. பழைய பேப்பர்காரர் வாசலில் நின்றுகொண்டு, "இதையும் போட்டுடறீங்களாம்மா?" என்றார். கொடுக்க மனம் வரவில்லை. முப்பது வருஷமாகப் பெயிண்ட் கடை வைத்து டிஸ்டெம்பரும் பிரைமரும் விற்கிற குடும்பம், வர்ணத்தைக் குப்பைக்கு அனுப்பக் கூடாது என்று நினைத்தேன் என்று வைத்துக்கொள்.

பெட்டியை அனுப்பட்டுமா? அது என்ன படம்? வானம் என்று தெரிகிறது. கீழே வரவேண்டியது கடலா, வயலா?

நீ போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. இந்த வீட்டில் மோர்க்குழம்பு வைப்பதை நிறுத்திவிட்டேன். ஆசையாகச் சாப்பிடுகிறவள் நீ ஒருத்திதான்.

பதில் எழுதுவதானால் எதிர்வீட்டுப் பார்வதம்மா பேருக்கு எழுது. சொல்லி வைத்திருக்கிறேன்.

வெங்கடம்மா


கே.ஆர்.புரம், பெங்களூரு,
21 நவம்பர் 2024

அத்தைக்கு,

இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை நான்கு நாள் பிரிக்கவே இல்லை. அறைத்தோழி சுனிதாதான், "இன்னும் எத்தினி நாளைக்கு அதை மொறைச்சிக்கினு இருப்பே?" என்று அவளே பிரித்துக் கையில் கொடுத்தாள்.

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை. குடியாத்தத்தில் அப்பா வீட்டுக்குப் போகவில்லை. "புருஷன் ஊட்டுக்குப் போறதா இருந்தா சொல்லு, நானே கூட்டிக்கினு போய் உடறேன்" என்றார் அப்பா. அதனால் போகவில்லை.

பெட்டியை அனுப்ப வேண்டாம். ஒரு கட்டிலும் அரை அலமாரியும்தான் எனக்கு இங்கே இடம். அந்தப் படம் கடலும் இல்லை, வயலும் இல்லை. பனி விழுந்து மூடிய ஒரு மலையடிவாரம். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு என்று யூடியூபில் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். வானத்தை முடித்தேன். அன்றைக்கு அதோடு நின்றுபோனது.

ட்யூப் மூடிகளை இறுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் உள்ளேயே கல்லாகிவிடும். யாராவது பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்களே போட்டு முடியுங்கள்.

ரூபா

இந்த ஹாஸ்டலிலும் வியாழக்கிழமை மோர்க்குழம்பு உண்டு. அதில் மோரையும் காணோம், குழம்பையும் காணோம்.


ஆண்டர்சன்பேட்டை,
4 டிசம்பர் 2024

ரூபா,

நீ விளையாட்டுக்கு எழுதினாயோ என்னவோ, நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.

சிவராஜ் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனால் இரண்டு மணியிலிருந்து எனக்கு வேலை இல்லை. பனி என்றால் வெள்ளைதானே என்று வெள்ளை ட்யூபைப் பாதி பிதுக்கி, கடையிலிருந்து இரண்டு இஞ்சு பிரஷ் ஒன்று எடுத்துவந்து கீழ்ப்பாதி முழுக்க இழுத்துவிட்டேன். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. பார்வதம்மா வந்து பார்த்து, "இன்னா வெங்கடம்மா, இட்லி மாவு பொங்கிக்கினு கீதா?" என்றாள். அவளை வாசல் வரை கொண்டுவிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவதற்குள் எல்லாம் காய்ந்துபோயிற்று. எனாமல் என்றால் ஒரு நாளாவது பொறுக்கும். இது பொறுமையே இல்லாத வர்ணம். பிரஷ்ஷும் விறைத்துக் குச்சியாகிவிட்டது.

மறுநாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தேன். உன் வானத்தைத் தொடவில்லை.

எனக்கு ஒன்று புரியவில்லை. நீயும் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. வெள்ளையாகப் பூசினால் சுவர் ஆகிறது. அது பனி என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? எதை முதலில் போடுவது, எதைப் பிறகு போடுவது? நேரம் இருந்தால் எழுது. நேரம் இல்லாவிட்டால் வேண்டாம்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. உனக்கு மார்ச்சளி பிடிக்கிற உடம்பு. அங்கே வெந்நீர் கிடைக்கிறதா?

வெங்கடம்மா


கே.ஆர்.புரம்,
14 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தை,

இட்லி மாவை நினைத்து பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒரு மாதிரி பார்த்தார்.

வெள்ளையைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். அதுதான் முதல் பாடம். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும், பிரஷ் ஒரு நிமிஷம்கூட வெளியே காயக் கூடாது. கடைப் பிரஷ்ஷைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வானம் முடிகிற இடத்தில் தூரத்து மலை. அதற்கு நீலத்தில் துளி கறுப்பும் நிறைய வெள்ளையும் கலந்து சாம்பலாக்கிக்கொள்ளுங்கள். மலைக்குக் கீழே தூரத்து மரங்கள். கோடு போட வேண்டாம், பிரஷ் நுனியால் ஒத்தி ஒத்தி எடுத்தால் போதும். தூரத்தில் இருப்பது மங்கலாக இருக்கும், கிட்டே வர வர அழுத்தமாகும். பிறகு தரை. அங்கேதான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. பனி என்று தெரிவது அதன் மேல் விழும் நிழலால். அந்த நிழல் கறுப்பு இல்லை, வெளிறிய நீலம். நிழலை முதலில் போட்டு, வெயில் படுகிற இடத்தில் மட்டும் வெள்ளையை வைக்க வேண்டும். எல்லாம் காய்ந்த பிறகு முன்னால் ஒரே ஒரு மொட்டை மரம். பழுப்பில் தண்ணீர் சேர்த்து மை மாதிரி ஆக்கி, மெல்லிய பிரஷ்ஷால் அடியிலிருந்து நுனிக்கு இழுங்கள்.

பனி பார்க்கவில்லை என்று கவலை வேண்டாம். மாரிகுப்பம் போகிற வழியில் தங்கச் சுரங்கத்து மண் கொட்டிய மேடு டிசம்பர் காலையில் வெளுத்துக் கிடக்குமே, அதைப் போய்ப் பாருங்கள். பள்ளங்களில் என்ன நிறம் இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

படம் பாதியில் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீங்கள் எழுதுவதைப் படிக்கும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் என்னை அடித்தபோது சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. உங்களுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தால் வந்திருப்பீர்கள். இதை நான் எனக்கே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெந்நீர் காலை ஏழு வரை வரும். சுனிதா எனக்கும் ஒரு வாளி பிடித்து வைத்துவிடுவாள்.

ரூபா


ஆண்டர்சன்பேட்டை,
3 ஜனவரி 2025

ரூபா,

நீ சொன்ன மாதிரி போய்ப் பார்த்தேன். ஆட்டோக்காரர் டென்சில், "மண்மேட்டைப் பாக்கறதுக்கா இந்நேரத்துக்கு வந்தீங்க?" என்று இரண்டு முறை கேட்டார். ஐம்பத்தாறு வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன், அந்த மேட்டை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. நீ சொன்னது சரி. பள்ளமெல்லாம் நீலம். மேலே ஓர் ஓரத்தில்தான் வெள்ளை.

மலை நன்றாக வந்திருக்கிறது. மரங்கள் கொஞ்சம் கொத்தமல்லிக் கட்டு மாதிரி இருக்கின்றன, ஆனாலும் தூரத்தில் இருக்கின்றன. தரைக்கு நிழல் போட்டுவிட்டேன். பல்துலக்கும் பிரஷ்ஷில் வெள்ளையைத் தொட்டு விரலால் தெறித்தால் பனி விழுகிற மாதிரி வரும் என்று பார்வதம்மா அவள் போனில் பார்த்துச் சொன்னாள். படத்தில் கொஞ்சம் விழுந்தது. மீதி பிரிட்ஜ் கதவிலும் காலண்டரிலும் விழுந்தது. சிவராஜ் கேட்டதற்கு மாவு என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் அவன் வக்கீலை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். காபி போட்டுக் கொடுத்தேன். என்னென்னவோ பேசினார்கள். அதை எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன் அல்லவா.

மிக்ஸியைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தேன். பல தடவை படித்தேன்.

மரம் இன்னும் போடவில்லை. பழுப்பைக் கலந்து வைத்தேன், அது அப்படியே காய்ந்துவிட்டது.

வெங்கடம்மா


கே.ஆர்.புரம்,
20 ஜனவரி 2025

திருமதி வெங்கடம்மா அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் என் வக்கீல் மமதா மேடம் கையில் ஓர் அஃபிடவிட் நகலைக் கொடுத்தார்கள். 'எங்கள் வீட்டில் ஒருநாளும் அடிதடி நடந்ததில்லை. மருமகள் தன் இஷ்டத்துக்கு வீட்டை விட்டுப் போனாள். என் மகன் அவளை ஒரு சுடுசொல்கூடச் சொன்னதில்லை.' கீழே உங்கள் கையெழுத்து. தேதி டிசம்பர் இருபத்தேழு.

பனியின் நிழல் என்ன நிறம் என்று நான் உங்களுக்கு எழுதிய கடிதம் அதற்குப் பத்து நாள் முன்னாலேயே உங்கள் கைக்கு வந்திருக்கும்.

நான் கடிதம் எழுதுவதைக் கேட்டு மேடம் கோபப்பட்டார். எதிர்த்தரப்புச் சாட்சிக்கு நான் எழுதுவது எனக்கே கெடுதலாக முடியுமாம். அவர் சொல்லாவிட்டாலும் நான் நிறுத்தியிருப்பேன்.

மண்மேட்டைப் பார்க்கப் போனேன் என்று எழுதினீர்களே. கையெழுத்துப் போட்ட பிறகா போனீர்கள், முன்னாலா?

இனிமேல் எழுத வேண்டாம்.

ரூபா


ஆண்டர்சன்பேட்டை,
29 ஜனவரி 2025

ரூபாவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். இது ஒன்றுதான். பதில் வேண்டாம்.

முன்னால்தான் போனேன். பார்த்துவிட்டு வந்து, மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் காகிதம் கன்னடத்தில் இருந்தது. எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. அதனால் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமல் போட்டேன் என்று உன்னிடம் சொல்லலாம். அது பொய். வக்கீல் ஒவ்வொரு வரியாகச் சொல்லிவிட்டுத்தான் பேனாவைக் கொடுத்தார். சிவராஜ் என் எதிரில் உட்கார்ந்து, "உன்னை உட்டா எனக்கு யாரும்மா கீறாங்க?" என்று அழுதான். அவன் அப்பா போன பிறகு அவன் அழுது நான் பார்த்ததில்லை. போட்டுவிட்டேன்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ மேசையில் உட்கார்ந்து வானத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தாய். மணி ஒன்றரை. அரிசி ஊறிக்கொண்டிருந்தது, உலை வைக்கவில்லை. நான் வைத்திருக்கலாம். எனக்குக் கோபம். சிவராஜ் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே வாசலில் வைத்து அவனிடம் சொன்னேன்: "உன் பொண்டாட்டி பொம்மை போட்டுக்கினு குந்திக்கினு கீறா. சோறு இன்னும் வேகல. போய் நீயே கேளு." அவன் உள்ளே போனான்.

அவன் கைநீட்டுகிறவன் என்று எனக்கு அதற்கு முன்பே தெரியும். இரண்டு முறை உன் முகத்தில் விரல் தடம் பார்த்திருக்கிறேன். தெரிந்துதான் சொன்னேன்.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. அதை எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். கேட்கிற இடத்தில் யாராவது கேட்டால் சொல்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வெங்கடம்மா


கே.ஆர்.புரம்,
19 மார்ச் 2025

அத்தை,

நேற்று கோர்ட்டில் உங்களோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கூண்டிலிருந்து இறங்கி நேராகப் படியிறங்கிப் போய்விட்டீர்கள். நான் வெளியே ஓடி வருவதற்குள் ஆட்டோ போய்விட்டது. உங்கள் சாட்சியம் முடிந்துவிட்டதால் இனிமேல் எழுதலாம் என்று மேடம் சொன்னார். சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒரு வார்த்தை விடாமல் இருக்கிறது.

"இந்த அஃபிடவிட்டில் இருப்பது உண்மையா?" என்று மேடம் கேட்டார். உண்மை என்று சொல்லப்போகிறீர்கள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். "கையெழுத்து என்னுது. சங்கதி பொய்" என்றீர்கள். உங்கள் மகனின் வக்கீல் எழுந்து ஏதோ சத்தம் போட்டார். ஜட்ஜம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டு, "யாராவது உங்களை மிரட்டினார்களா?" என்று உங்களைக் கேட்டார். "இல்லம்மா. வயசு ஆச்சு, இனிமே யார் மெரட்டறது?" என்றீர்கள். எனக்கு அப்போதே அழுகை வந்துவிட்டது.

"அன்று உங்கள் மகன் அடித்ததை நீங்கள் பார்த்தீர்களா?" என்று மேடம் கேட்டார்.

"கதவு பாதி தெறந்து இருந்துச்சு. பாத்தேன். மூணு அடி. அவ இடது காதைப் பொத்திக்கினு கீழ உக்காந்தா."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

கேள்வி புரியவில்லையா என்று ஜட்ஜம்மா கேட்டார்.

"அவ கத்தறது எதிர்வீட்டுக்குக் கேட்டுடும்னு மிக்ஸியைப் போட்டேன். உள்ள ஒண்ணும் இல்ல. வெறும் ஜாரு."

அத்தை, எனக்கு நேற்று முழுக்க வேறு ஒன்றும் ஓடவில்லை. ஒன்றரை வருஷமாக நான் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் உங்களை மன்னித்திருந்தேன். அதை நீங்களே எடுத்துவிட்டீர்கள். இப்போது கோபப்பட வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன். கோபம் இருக்கிறது. ஆனால் அந்தக் கூண்டில், எல்லோருக்கும் முன்னால், மகன் மூன்றடி தூரத்தில் நிற்க, அதைச் சொன்னவரும் நீங்கள்தான். இரண்டையும் சேர்த்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் அவர் உங்களை என்ன சொன்னார்? எங்கே இருக்கிறீர்கள்? சாப்பிட்டீர்களா? பார்வதம்மாவின் நம்பருக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு வரியாவது எழுதுங்கள்.

ரூபா


ஆண்டர்சன்பேட்டை,
1 ஏப்ரல் 2025

ரூபாம்மா,

வீட்டில்தான் இருக்கிறேன். பயப்படாதே. நான்கு நாள் பார்வதம்மா வீட்டில் படுத்தேன், அவ்வளவுதான்.

கோர்ட்டிலிருந்து வந்த அன்று சிவராஜ் நடுவீட்டில் நின்றுகொண்டு, "நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்று கேட்டான். "உன் அம்மாங்கறதாலதான்டா சொன்னேன்" என்றேன். கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நானும் துணியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அங்கிருந்து தெருவைப் பார்த்தால் நம் வீட்டு ஜன்னல் தெரியும். ஐந்தாம் நாள் அவன் ஜன்னலில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிடவில்லை. நானாகப் போனேன். உலை வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அவன் போனை எடுத்துப் பார்ப்பதை நான் இனி அனுமதிப்பதில்லை. ஒரு நாள் கையை நீட்டினான். "வை" என்றேன். வைத்துவிட்டான்.

பிறகு மரத்தைப் போட்டேன். மறைக்க ஒன்றும் இல்லை என்று அவன் வீட்டில் இருக்கும்போதே மேசையில் உட்கார்ந்தேன். பழுப்பில் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, ஒரு கிளை ஒழுகித் தரை வரைக்கும் வந்துவிட்டது. அதை நிழலாக்கிவிட்டேன். கிளைகளின் மேல் வெள்ளை வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான்.

"யார் போட்டது?"

"மேல இருக்கறது அவ. கீழ நானு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டான். "அவ காது இப்போ எப்படிம்மா கீது?"

எனக்குப் பதில் தெரியவில்லை, ரூபா. கோர்ட்டில் அத்தனை பேருக்கு முன்னால் காதைப் பொத்திக்கொண்டாள் என்று சொன்னேனே தவிர, அது ஆறிவிட்டதா என்று ஒரு கடிதத்திலும் உன்னைக் கேட்டதில்லை. சளியைக் கேட்டேன். வெந்நீரைக் கேட்டேன். அதைக் கேட்கவில்லை.

மறுநாள் அவன் தன் வக்கீலுக்கு போன் செய்து, "போதும் சார். அவ கேட்டதைக் குடுத்துடலாம்" என்றான். நான் சமையலறையிலிருந்து கேட்டேன். அவனுக்காக நான் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன். மனம் மாறு என்று சொல்ல மாட்டேன். நீ இந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டாம் என்றுதான் நானே சொல்வேன்.

ஆனால் எனக்காகக் கேட்கிறேன். காதில் கேட்கிறதா?

ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வரட்டுமா? மாரிகுப்பத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். எனக்கு கே.ஆர்.புரத்தில் வழி தெரியாது. ஸ்டேஷனிலேயே ஒரு பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன். உனக்கு இஷ்டம் இல்லாவிட்டால் எழுது, வரமாட்டேன். எழுத நேரம் இல்லாவிட்டால் பார்வதம்மாவிடம் போனில் சொல்.

வெங்கடம்மா


கே.ஆர்.புரம்,
8 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தை,

வாருங்கள். வருகிற ஞாயிறு. ரயில் வந்ததும் இறங்கி அங்கேயே நில்லுங்கள், எந்தப் பக்கமும் நடக்க வேண்டாம். நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். அடுத்த ரயிலில் திரும்புகிற பேச்சு வேண்டாம். ஹாஸ்டலில் ஞாயிறு மதியம் விருந்தாளிக்குச் சாப்பாடு உண்டு. சுனிதாவும் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். சவ்வு கிழிந்திருந்தது. ஆறிவிட்டது. ஆனால் இடது காதில் முன்பு போலக் கேட்பதில்லை. பஸ்ஸில் யாராவது அந்தப் பக்கத்திலிருந்து பேசினால் நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேலையில் போனை வலப்பக்கம் மாற்றி வைத்துக்கொண்டேன், பழகிவிட்டது. இதைக் கேட்டு ரயிலில் அழுதுகொண்டு வராதீர்கள். இங்கே வந்து அழலாம்.

அந்தக் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. போகும்வரை நீங்கள் வராமல் இருக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டேஷனில் சத்தம் அதிகமாக இருக்கும். பெஞ்சில் என் வலது பக்கமாக உட்காருங்கள். நீங்கள் சொல்வது ஒன்றுகூட விட்டுப்போகாமல் கேட்க வேண்டும்.

ரூபா